வாயு உண்டு, வழி உண்டா?

இந்தியாவைச் சுற்றியுள்ள கடலடியில் 1,894 லட்சம் கோடி கனமீட்டர் மீத்தேன், ஹைட்ரேட் என்னும் உறைபொருளாகக் கிடப்பதாக ஒரு மதிப்பீடு நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நாடு இப்போது ஓராண்டுக்குச் செலவிடும் இயற்கை எரிவாயு ஏறத்தாழ 7,000 கோடி கனமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 27,000 ஆண்டுகள் என்று விடை வரும். தேவையில் பாதியளவு எரிவாயுவை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு இதை எடுக்க ஏன் இன்னும் தயங்குகிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

அந்த மதிப்பீடு கடலடியில் இருப்பதைச் சொல்கிறது. அங்கிருந்து வரக்கூடியதைச் சொல்லவில்லை. வருமா என்பதைத் தீர்மானிப்பது வாயுவின் அளவல்ல, அதைப் பிடித்து வைத்திருக்கும் வண்டலின் ஊடுருவுதிறன். ஒரு மண்ணின் துகள்களுக்கிடையே நீரோ வாயுவோ எவ்வளவு எளிதாக நகரும் என்பதற்கான அளவு அது. வாயுவை எடுக்கும்போது கடலடிச் சரிவு நிற்குமா, நகருமா என்பதையும் பெருமளவு அதே அளவுதான் முடிவு செய்கிறது. இந்த இரண்டு கேள்விகளும் இதுவரை பெரும்பாலும் தனித்தனியாகவே பேசப்பட்டு வந்திருக்கின்றன: எரிவாயுப் பொறியாளர்கள் ஒன்றை, மண் பொறியியலாளர்கள் மற்றொன்றை. இரண்டையும் ஒரே கேள்வியாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இடுக்கி மலையோரத்தில் வாழும் தமிழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் வடிய வழியில்லாமல் தேங்கும் நீர் என்ன செய்யும் என்பதை அவர்கள் 2020இல் பெட்டிமுடி நிலச்சரிவில் பார்த்திருக்கிறார்கள்.

ஹைட்ரேட் என்பது நீர் மூலக்கூறுகள் கூண்டாக இணைந்து உள்ளே மீத்தேன் மூலக்கூற்றைச் சிறைப்பிடித்த பளிங்கு. குளிரும் அழுத்தமும் சேர்ந்திருந்தால்தான் நிலைக்கும். வெப்பக் கடல்களில் இதற்குப் பல நூறு மீட்டர் நீராழமாவது தேவை. ஒரு கனமீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் கடல்மட்ட அழுத்தத்தில் சுமார் 164 கனமீட்டர் மீத்தேனும் 0.8 கனமீட்டர் நன்னீரும் கிடைக்கும். இந்த 164 என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். கூடவே வரும் நன்னீரை மறந்துவிடுகிறார்கள். பின்னால் அந்த நன்னீர் நமக்குப் பெரிய சிக்கலாக வந்து நிற்கும்.

இந்தியாவின் தேடல் 1997இல் தொடங்கிய தேசிய வாயு ஹைட்ரேட் திட்டத்திலிருந்து வருகிறது. 2006இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கேரள-கொங்கண், கிருஷ்ணா-கோதாவரி, மகாநதி, அந்தமான் பகுதிகளில் 21 இடங்களில் துளையிட்டது. கேரளக் கடலில் எதிர்பார்ப்பு பொய்த்தது. மேலே வந்தது பெரும்பாலும் சுண்ணாம்புச் சேறு, ஹைட்ரேட் இல்லை. அந்தமானில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளில், கடற்படுகைக்குக் கீழே மிக ஆழத்தில் கிடைத்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில், பத்தாம் எண் இடத்தில், ஏறத்தாழ 130 மீட்டர் தடிமனில் ஹைட்ரேட் கண்டார்கள். உலகில் அதுவரை கண்ட வளமான படிவுகளுள் ஒன்று என்று அது கொண்டாடப்பட்டது.

கொண்டாட்டத்துக்குக் காரணமான படிவு களிமண்ணில் இருந்தது. களியின் துகள்களுக்கிடையே ஹைட்ரேட் வளர இடமில்லை. ஆகவே அது களியைப் பிளந்துகொண்டு, செங்குத்தான வெடிப்புகளில் நரம்புகளாகவும் முண்டுகளாகவும் வளர்ந்திருந்தது. துளைக்குள் இறக்கிய மின்தடைக் கருவிகளின் அளவை வழக்கமான முறையில் கணக்கிட்டால், துகள்களுக்கிடையிலான துளையிடத்தில் பாதிக்கு மேல் ஹைட்ரேட் என்று காட்டியது. அழுத்தம் குறையாமல் மேலே கொண்டுவந்த மாதிரிகளைச் சோதித்தபோது அது கால்வாசி அளவில் நின்றது. செங்குத்து நரம்புகள் மின்னோட்டத்தை மறித்ததால் வந்த மிகைக் கணக்கு அது. இருக்கும் அளவையே இப்படி ஏமாந்து கணிக்க முடியும் என்றால், வரும் அளவைப் பற்றி எவ்வளவு நிதானம் வேண்டும்.

களிமண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் மலைத்தொடருக்கே வந்து சேர்கிறோம். கோதாவரி திரியம்பகத்திலும் கிருஷ்ணா மகாபலேஷ்வரத்திலும், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் பிறக்கின்றன. தக்காணத்து எரிமலைப் பாறை சிதைந்து உண்டாகும் கரிசலை வங்காள விரிகுடாவில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. அந்தக் களியில் ஸ்மெக்டைட் என்ற கனிமக் குடும்பம் மிகுதி. கேரளத்தில் கரிசல் மண் என்று சொல்லத்தக்கது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அது தக்காணத்திலிருந்து வந்ததன்று, ஆனாலும் களியின் குணம் ஒன்றே. கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். மழையில் ஊதிப் பெருத்து வெடிப்பை மூடிக்கொண்டு, அதன்பின் நீரை உள்ளே விடாது. சித்தூர் உழவர் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கும் அந்தக் குணம்தான் கிருஷ்ணா-கோதாவரியின் ஹைட்ரேட் கணக்கிலும் குறுக்கே நிற்கிறது.

2015இல் இரண்டாம் பயணம் நடந்தது. ஓ.என்.ஜி.சி. முன்னின்று நடத்த, ஜப்பானின் சிக்யூ கப்பல் கிருஷ்ணா-கோதாவரியிலும் மகாநதியிலும் 25 இடங்களில் 42 துளைகள் இட்டது. இம்முறை தேடியது மணலை. பழைய கடலடி ஆற்றுக் கால்களும் அவற்றின் கரைகளும் படிந்த இடங்களைக் குறிவைத்தார்கள், கண்டும் பிடித்தார்கள். கரடுமுரடான மணலில் துளையிடத்தின் பெரும்பகுதியை ஹைட்ரேட் நிரப்பியிருந்தது. எடுத்துப் பயன்படுத்த வாய்ப்புள்ள ஹைட்ரேட் இந்துமாக்கடலில் கண்டறியப்பட்டது இதுவே முதல்முறை என்று அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை 2016இல் அறிவித்தது. மொத்த அளவில் 2006ஆம் ஆண்டின் களிப்படிவைவிட இவை சிறியவையாக இருக்கலாம். ஆனால் பேசவேண்டியவை இவைதான்.

ஏன் என்பதைக் கிணறு வெட்டியவர் சட்டென்று பிடித்துக்கொள்வார். மணற்பாங்கான இடத்தில் வெட்டிய கிணற்றை இறைத்துவிட்டால் இரவுக்குள் ஊறிவிடும். களியில் வெட்டிய கிணற்றில், சுற்றிலும் ஈரம் நிறைந்திருந்தாலும், ஊறல் வராது. பிரான்சின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொடுத்த பொறியாளர் ஹென்றி டார்சி 1856இல் இதையே சமன்பாடாக எழுதினார். அவர் பெயரால்தான் ஊடுருவுதிறனை இன்றும் டார்சி, மில்லிடார்சி என்று அளக்கிறோம். ஹைட்ரேட் இல்லாத நல்ல மணலில் அது பல நூறு மில்லிடார்சி இருக்கும். களியில் ஒரு மில்லிடார்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இராமல் போகலாம்.

ஹைட்ரேட் கிணற்றின் வேலை, நீரை இறைத்துக் கிணற்றடி அழுத்தத்தைக் குறைப்பது. குறைந்த அழுத்தம் வண்டலுக்குள் பரவ வேண்டும். பரவிய இடத்தில் கூண்டுகள் உடைந்து வாயு விடுபடும். இங்கேதான் முதல் முடிச்சு. மணலின் துளைகளை ஹைட்ரேட்டே அடைத்துக்கொண்டிருப்பதால், வளம் கூடக்கூட வழி குறைகிறது. பல நூறு மில்லிடார்சி மணல், ஹைட்ரேட் நிரம்பியதும் சில மில்லிடார்சியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடுகிறது. ஆயினும் அந்தச் சிறு வழி இருந்தாலே போதும்: அழுத்தக் குறைப்பு நுழையும், அருகிலுள்ள ஹைட்ரேட் சிதையும், துளை திறக்கும், வழி அகலும். களிக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதன் நரம்புகள் சிதைந்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இரண்டாம் முடிச்சு முன்னே சொன்ன நன்னீர். ஹைட்ரேட் உருவாகும்போது உப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை, ஆகவே சிதையும்போது வரும் நீர் உவர்ப்பற்றது. கடலுப்பில் கட்டுப்பட்டிருந்த ஸ்மெக்டைட் நன்னீர் பட்டதும் ஊதும். நுண்துகள்கள் பிரிந்து, நீரோடு நகர்ந்து, மணலின் இடுக்குகளில் போய் அடைக்கும். திறந்த வழி மறுபடி குறுகும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2015 பயணத்தில் எடுத்த இந்திய வண்டல்களைக் கொண்டே, துளைநீரின், அதாவது துகள்களுக்கிடையே நிற்கும் நீரின், உப்பு மாறும்போது நுண்துகள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதித்தார்கள். என் பார்வையில் கிருஷ்ணா-கோதாவரிக்கு இதுவே மிகத் தனித்த சிக்கல். ஜப்பான் சோதித்துப் பார்த்த முறையை அப்படியே இங்கு இறக்கினால் நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாததற்கு இதுவும் காரணம். இதோடு, சிதைவு வெப்பத்தை உறிஞ்சுவதால் மண் குளிர்கிறது. வெளியிலிருந்து வெப்பம் வந்து சேரத் தாமதமானால் சிதைவே தடைப்படும்.

மூன்றாவது, மேலும் கீழும் உள்ள களி. அது அழுத்தமாக மூடியிருந்தால் மணலுக்குள் மட்டும் அழுத்தம் குறையும். கசிந்தால் சுற்றியுள்ள நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், இறைத்து மாளாது. கிருஷ்ணா-கோதாவரியின் மணல் அடுக்குகள் பலவும் மெல்லிய களி அடுக்குகளோடு மாறிமாறிப் படிந்தவை. நல்ல மூடியும் அங்கே தேவை, வெப்பம் வர வழியும் தேவை.

உலகம் இதுவரை செய்து பார்த்த சோதனைகள் வேலை எவ்வளவு கடினம் என்பதைக் காட்டின. கனடாவின் மாலிக்கில், நிலத்தடி உறைமண் பகுதியில், 2002இல் சூடுநீரைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். வாயு வந்தது, கொஞ்சமே வந்தது. 2008இல் அதே இடத்தில் அழுத்தக் குறைப்பு ஆறு நாள் நீடித்து ஏறத்தாழ 13,000 கனமீட்டர் தந்தது. அதன்பின் வெப்பமூட்டும் முறையை யாரும் முதன்மையாகக் கருதவில்லை. 2013 மார்ச்சில் ஜப்பான் தன் நன்காய் அகழியோரத்தில் உலகின் முதல் கடலடி உற்பத்திச் சோதனையை நடத்தியது. ஆறு நாளில் சுமார் 1,20,000 கனமீட்டர் வந்ததும் மணல் கிணற்றுக்குள் புகுந்து நிறுத்தியது. 2017இல் மீண்டும் இரண்டு கிணறுகள்: ஒன்றில் 12 நாளில் மணல் மறுபடி மறித்தது, மற்றொன்று 24 நாள் ஓடி இரண்டு லட்சம் கனமீட்டர் அளவில் தந்தது. ஹைட்ரேட் அந்த மணலுக்குச் சாந்துபோல் இருந்து துகள்களைப் பிணைத்திருந்தது. அது போனதும் மணல் தளர்ந்து நீரோடு வந்துவிட்டது.

சீனா எடுத்துக்கொண்டது இன்னும் கடினமான பாடம். தென்சீனக் கடலின் ஷென்ஹூவில் கிடைப்பது மணலன்று, களி கலந்த நுண்வண்டல். 2017இல் 60 நாளில் 3,09,000 கனமீட்டர் எடுத்தார்கள். நாளுக்கு ஐயாயிரம் சொச்சம்தான். 2020இல் அதே பகுதியில் கிணற்றைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்து, வண்டலோடு தொடும் பரப்பைப் பெருக்கினார்கள். 30 நாளில் 8,61,400 கனமீட்டர், நாளுக்கு 28,700. ஊடுருவுதிறனை மாற்ற முடியாத இடத்தில் வாயு கடக்க வேண்டிய தொலைவைக் குறைத்த அந்த வேலை பாராட்டத்தக்கது. இருந்தாலும் ஆழ்கடலில் ஒரு கிணறு கட்டுப்படியாக வேண்டுமென்றால் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் கனமீட்டர் வரவேண்டும். அலாஸ்காவில் ஜப்பானும் அமெரிக்காவும் 2023இல் தொடங்கி மாதக்கணக்கில் நடத்திய சோதனை, கிணறு நீண்ட காலம் ஓடுமா என்ற கேள்விக்காகவே நடந்தது. அது நிலத்தில். கடலில் யாரும் அவ்வளவு காலம் ஓட்டியதில்லை. இந்தியா தன் கடலடி ஹைட்ரேட்டில் உற்பத்திச் சோதனை இன்னும் நடத்தவில்லை.

இனி இரண்டாம் கேள்வி: வாயுவை எடுக்கும்போது சரிவு நிற்குமா? 1920களில் கார்ல் தெர்சாகி சொன்னது மண் பொறியியலின் அடித்தளம்: மண்ணின் வலு அதன்மேல் உள்ள பாரத்தால் வருவதன்று. பாரத்திலிருந்து துளைநீர் தாங்கிக்கொள்ளும் அழுத்தத்தைக் கழித்தால் எது மிஞ்சுகிறதோ, அதுவே துகளைத் துகளோடு அழுத்திப் பிடிக்கிறது. துளைநீர் அழுத்தம் ஏறினால் பிடி தளர்கிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் நடந்தது இதுதான். மூணாறு மலைகளில் பாறையின்மேல் மண் மெல்லிய போர்வையாகவே இருக்கிறது. மண் நீரை உள்ளே விடும், பாறை விடாது. நாள்கணக்கில் பெய்த பெருமழை இரண்டுக்கும் இடையே தேங்கி, வடியும் வேகத்தைவிடச் சேரும் வேகம் மிஞ்சியது. உருள்பொட்டல் என்று அங்கே சொல்லும் நிலச்சரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மண்ணின் ஊடுருவுதிறன் என்ற சொல்லை ஆய்வுக்கூடத்துக்குள் அடைத்துவைக்க முடியாது என்பதற்கு அந்தப் பெயர்ப்பட்டியலைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

இடுக்கியில் இன்னொன்றும் நடக்கிறது. மலைச்சரிவுக்குள் நீர் நுண்மண்ணை அரித்துக் கொண்டுபோய்க் குழாய்போல் சுரங்கம் பறிக்கிறது. மேலே நிலம் திடீரென்று உள்வாங்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. திருவனந்தபுரத்துத் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இதைப் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறது. நன்காய்க் கிணறுகளை நிறுத்திய மணலும் இதே வகை அரிப்புதான். நீரோட்டம் துகளை இழுக்கும் விசை, துகளைப் பிடித்து நிறுத்தும் விசையை மிஞ்சும்போது இரண்டும் நிகழ்கின்றன.

கடலடியில் இதன் நிலை என்ன? 1,500 மீட்டர் நீருக்கடியில் வாயு 164 மடங்கு விரியாது. அந்த ஆழத்து அழுத்தத்தில் ஒரு கனமீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் வாயுவும் நீரும் சேர்ந்து ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் இடம் கேட்கும். கேட்பது சிறிதாகத் தோன்றலாம். களிக்குள் அந்தச் சிறிதுக்கும் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏறும், பிடி தளரும். மணலில் அது கிணற்றை நோக்கியோ பக்கவாட்டிலோ ஓடிவிடும். ஆகவே வாயு எளிதாக வரும் இடமே சரிவும் எளிதில் நிலைக்கும் இடம் என்பது பொதுவாகச் சரி. அழுத்தக் குறைப்பு முறைக்கு இங்கே ஒரு நன்மையும் உண்டு. துளைநீர் அழுத்தத்தைக் குறைப்பதால் அது மண்ணின் பிடியைத் தளர்த்துவதில்லை, இறுக்குகிறது. அதன் விலை வேறு: இறுகும் மண் அமுங்கும், கடற்படுகை தாழும், கிணற்றுக் குழாய்கள் வளையும், அமுங்கிய மணலின் ஊடுருவுதிறனும் குறையும்.

ஹைட்ரேட்டைத் தொட்டால் சுனாமி வருமா என்று 2004ஐக் கண்ட கரைகளில் கேட்பது இயல்பு. அந்தச் சுனாமி சுமத்ரா அருகே புவித்தட்டுகளின் எல்லை முறிந்ததால் வந்தது, ஹைட்ரேட்டுக்குத் தொடர்பில்லை. கடலடிச் சரிவுகளாலும் சுனாமி வரும். நார்வே கடலில் ஏறத்தாழ 8,200 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஸ்டோரெக்கா சரிவில் 3,000 கனகிலோமீட்டர் அளவில் வண்டல் பெயர்ந்தது. ஹைட்ரேட்டே காரணம் என்று பல ஆண்டுகள் எழுதினார்கள். அந்தச் சரிவின் வடுவுக்குள் இருக்கும் ஓர்மன் லாங்கே எரிவாயு வயலைத் திறப்பதற்குமுன் செய்த விரிவான ஆய்வு வேறு முடிவுக்கு வந்தது: பனியாறுகள் வேகமாகக் கொட்டிய வண்டலின் பாரத்தால், கீழிருந்த களியில் நீர் வடிய நேரமில்லாமல் அழுத்தம் ஏறியிருந்தது. நிலநடுக்கம் அதை உசுப்பியது. வயலில் 2007இல் உற்பத்தி தொடங்கியது. ஒரு கிணறு தன்னைச் சுற்றிச் சில நூறு மீட்டரைத்தான் தொடும். அதனால் பெருஞ்சரிவு வரும் என்று அச்சுறுத்துவது நியாயமாகாது.

அதற்காக நான் அமைதியாகிவிடவில்லை. ஸ்டோரெக்காவின் பாடம் வங்காள விரிகுடாவுக்கும் பொருந்தும். பெரிய ஆறுகள் விரைந்து கொட்டிய வண்டல், வடியாத களி, மனிதக் கை படுமுன்பே சரிந்து புதைந்துகிடக்கும் பழைய படிவுகள், மீத்தேன் தானாகக் கசியும் வெடிப்புகள் எல்லாம் கிருஷ்ணா-கோதாவரிச் சரிவில் இருக்கின்றன. அடுக்கின் விளிம்பு குறித்துத்தான் எனக்குக் கூடுதல் கவலை. களிக்கடியில் ஓடும் மணல் அடுக்கு, ஓரிடத்தில் ஏறும் அழுத்தத்தைப் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள சரிவின் அடிவாரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வல்லது. அங்கே மேலுள்ள மண்போர்வை மெல்லியதாக இருக்கும். ஆபத்து கிணற்றடியில் தெரியாமல், யாரும் அளக்காத இடத்தில் தெரியும். பெட்டிமுடியிலும் மலை பெயர்ந்த இடம் ஒன்று, மனிதர்கள் இருந்த இடம் அதற்கு வெகு கீழே.

மீத்தேன் என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது மன்னார்குடி நிலக்கரிப் படுகைத் திட்டம். அது வேறு, இது வேறு. ஆனால் அங்கே உழவர்கள் கேட்ட கேள்வி, நீரை இறைத்தால் சுற்றியுள்ள மண் என்ன ஆகும் என்பது, இங்கேயும் கேட்கத்தக்கதே. கடலடிக்கு அதைக் கேட்க உழவர் இல்லை என்பதால் அறிவியலாளர்கள்தான் கேட்க வேண்டும்.

நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் படிவுகளைத் தேடிக் காட்டியிருக்கின்றன. சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்கும் ரோசப் 6000 கருவியைச் செய்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஹைட்ரேட் சிதைவையும் கரியமில வாயுவை ஹைட்ரேட்டாகப் புதைப்பதையும் ஆராய்கிறார்கள். ஓ.என்.ஜி.சி. பன்வேலில் இதற்கெனவே ஒரு மையம் வைத்திருக்கிறது. முதல் உற்பத்திச் சோதனைக்கு இடம் தேர்வு செய்யும்போது ஹைட்ரேட்டின் அளவைவிட இரண்டு அளவீடுகளுக்கு முதலிடம் தர வேண்டும் என்பேன். ஒன்று, ஹைட்ரேட் நிறைந்த மணலின் ஊடுருவுதிறன், நன்னீர் பட்டபின் அது எவ்வளவு விழுகிறது என்பதோடு சேர்த்து. மற்றொன்று, மேலேயும் கீழேயும் மூடியிருக்கும் களியின் ஊடுருவுதிறன். இரண்டையும் அழுத்தம் கலையாத மாதிரிகளில் அளக்க வேண்டும்.

அதோடு, துளைநீர் அழுத்தமானிகளைக் கிணற்றைச் சுற்றி மட்டுமல்லாமல் மணல் அடுக்கு போய் முடியும் சரிவின் அடிவாரத்திலும் பதிக்க வேண்டும். சோதனைக்கு முன்பே பதித்து இயற்கையான ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். கிணறு மூடியதும் எடுத்துவிடக் கூடாது. களி அடுக்கின் தடிமன் இருமடங்கானால் அதன் துளைநீர் வடிய நான்கு மடங்கு காலம் ஆகும். இறைப்பது நின்றபின் ஆண்டுக்கணக்கில் அழுத்தம் நகர்ந்துகொண்டும் படுகை தாழ்ந்துகொண்டும் இருக்கலாம். ஆகவே அழுத்தமானிகள் எத்தனை ஆண்டு அங்கே இருக்க வேண்டும் என்பதைச் சோதனையின் செலவுத் திட்டம் முடிவு செய்யக் கூடாது, அந்தக் களியின் தடிமனும் ஊடுருவுதிறனும்தான் முடிவு செய்ய வேண்டும்.